அக்கா பார்த்த இரண்டு பல்கலைக்கழகங்கள்

நம் வயதுக்காரர்கள் கூடினால் இப்போது இரண்டே பேச்சு. ஒன்று முட்டி வலி. இன்னொன்று பேத்திக்கு எந்த யூனிவர்சிடி. போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் இரண்டு பக்கமும் அதே பேச்சுதான். ரேங்க் எப்படி, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, முடித்து வந்தால் வேலை கிடைக்குமா. பிள்ளைகளும் போனில் விரலால் தள்ளித் தள்ளி ஊர் ஊராகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் தலையைக் குனிந்து ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் எங்கள் வீட்டுக் கதை வந்துவிடும், அது பந்தியில் சொல்கிற கதை இல்லை என்று பயம். எனக்கு எதற்குத்தான் பயம் இல்லை, உங்களுக்கே தெரியும். இதை எழுதுவதற்குள் யாராவது மனம் நோவார்களோ, செத்தவர்களைப் பேசலாமோ என்று எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

எங்கள் வீட்டில் ஒரு பெண் பல்கலைக்கழகம் பார்த்த கோடையில் உடைந்தவை இவை: எங்கள் அப்பா, நைனா என்போம், ஆசையாக வாங்கிய மரப்பெட்டி ரேடியோ. சுவரில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு லாரி கிளீனரின் முழங்கை. என் பல் ஒன்று. அக்காவின் இடது காது.

நாங்கள் அப்போது நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ரோட்டோரத்து ஊர் ஒன்றில் இருந்தோம். வீட்டுக்குள் தமிழ், பஸ் ஏறினால் தெலுங்கு. நைனாவுக்கு வேர்க்கடலை போடுகிற நிலம் கொஞ்சம். அம்மாவுக்கு ஒரே தம்பி, அதுதான் எங்கள் மாமன். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் நைனாவே அவனைத் தோளில் தூக்கி வளர்த்தார். நாங்கள் அவனை மாமா என்போம், அவன் நைனாவை மாமா என்பான். அக்கா பிறந்ததும் துணியில் சுற்றி அவன் மடியில் வைத்து, 'இவ ஒனக்குத்தான்டா' என்று சொன்னார்களாம். எங்கள் பக்கத்தில் அது வழக்கம், யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. அவன் என்று எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். அவர் என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

மாமன் லாரி வைத்திருந்தான். மே மாதம் பிறந்தால் தோப்புகளில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிச் சித்தூரில் இருக்கிற ஜூஸ் பேக்டரிகளுக்குக் கொண்டுபோவான். நசுங்கிய மாம்பழமும் டீசலும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் என் தோள் தானாக மேலே ஏறிக்கொள்கிறது, அடி விழப்போகிற மாதிரி.

அந்தக் கோடையின் முதல் அடி கிளீனருக்கு விழுந்தது. அவன் மாமனைவிட வயதில் மூத்தவன், பிள்ளைகுட்டிக்காரன். லாரியின் பின்கதவுக் கொக்கியைச் சரியாக மாட்டாததால் வழியெல்லாம் மாங்காய் கொட்டிவிட்டதாம். எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, ஜாக்கி ராடை எடுத்தான் மாமன். அவன் பேசிக்கொண்டே அடிப்பான், அதுதான் அவன் தினுசு.

"கொக்கிய எங்கடா மாட்டுவாங்க? சொல்லு. எங்க மாட்டுவாங்க?"

கேள்விக்கு ஒரு அடி. கிளீனர் பதில் சொன்னான், பதிலுக்கு ஒரு அடி. முழங்கை போன சத்தம் கரும்பை ஒடிக்கிற சத்தம் மாதிரியே இருந்தது. பிறகு மாமன் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அம்மா சோறு போட்டாள்.

"இன்னாக்கா, கொழம்புல உப்பே காணோம்."

"கோவமா துன்னா உனுக்கு எதுலதான் உப்பு தெரியும்," என்று அம்மா உப்பு ஜாடியை அவன் பக்கம் நகர்த்தினாள். வெளியே கிளீனர் முனகிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குக் காது கேட்காமல் இல்லை.

அக்கா கதவோரம் நின்று என் தலையில் பேன் பார்ப்பதுபோலக் குனிந்து சொன்னாள்: "அந்தக் கைதான்டி எனுக்குத் தாலி கட்டப் போவுது."

அக்கா புத்தூர் காலேஜில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தாள். நல்ல மார்க். திருப்பதியில் இரண்டு பல்கலைக்கழகத்தில் உனக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைக்கும், போய்ப் பார்த்து உனக்குச் சரிப்படுகிறதைச் சொல் என்று அவள் காலேஜ் மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா அதை நைனாவிடம் சொன்னபோது நைனா ரேடியோவில் தானிய விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"படி. வேணாம்னு சொல்லல," என்றார். "ஆவணில கல்யாணத்த முடிச்சிக்கினு தபால்ல படி. எத்தினி பேரு படிக்கிறாங்க."

"கெமிஸ்ட்ரிய எப்டி நைனா தபால்ல படிக்கிறது? ஆசிட்ட கவர்ல ஊத்தி அனுப்புவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. நைனா அடிக்கும்போது பேச மாட்டார், மாமனுக்கு நேர் எதிர். சத்தமே இல்லாமல் எழுந்தார். முதலில் ரேடியோ சுவரில் போய் மோதியது. கண்ணாடியும் அதோடு சேர்ந்து வந்தது. அப்புறம் அக்காவின் பின்னல் அவர் கையில் இருந்தது. ரேடியோ உடைந்தும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்தது, எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

மாலையில் மாமன் வந்து கண்ணாடிச் சில்லுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு நின்றான்.

"நான் சொன்னா கோச்சிக்காத மாமா. அங்க எவனோ கீறான். இல்லன்னா திருப்பதிதான் வேணும்னு ஏன் நிக்கிறா?"

அந்த வார்த்தை நைனாவுக்குள் இறங்கியது, பார்த்தாலே தெரிந்தது. இப்போது யோசித்தால் இதுதான் நம் பெரியவர்கள் போட்ட தப்புக் கணக்கு என்று படுகிறது. ஒரு பெண் வீட்டைவிட்டுப் போக நினைத்தால், போகிற இடத்தில் ஒருவன் நிற்கிறான் என்றுதான் தேடுவார்கள். புறப்படுகிற இடத்தில் ஒருவன் நிற்கிறானே என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவன் எங்கள் வீட்டுத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா ஒரு பொய் சொன்னாள். அக்கா பாஸானால் அலிபிரியில் படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பதாக வேண்டுதல் இருக்கிறது, பெண்கள் இரண்டும் போய்விட்டு வரட்டும் என்று நைனாவிடம் சொன்னாள். திருமலைக்கு நடந்து போகிறவர்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார்களே, அந்த வேண்டுதல். சாமி விஷயம் என்பதால் நைனா தடுக்கவில்லை.

"ரெண்டையும் கண்ணால பாத்துட்டு வா," என்று அம்மா அக்காவின் பின்னலை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "எது ஒனுக்கு ஒத்துக்கும்னு நீயே பாரு. எனுக்கு இன்னா தெரியும், பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாதவ."

"பாத்துட்டு வந்து?"

"வந்து சொல்லு. பாக்கலாம். எதுனா பண்ணலாம்." அம்மாவிடம் திட்டம் ஒன்றும் இல்லை.

திருப்பதி போனதும் அக்கா நேராக அலிபிரிக்கு இட்டுக்கொண்டு போனாள். வெயிலில் கல் சுட்டது. கீழ்ப்படிகளில் குனிந்து குனிந்து மஞ்சள் தடவினாள். நான் பொட்டு வைத்துக்கொண்டே பின்னால் போனேன். மேலே ஏறுகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"நாமதான் பொய்யா வந்துக்கினோமேக்கா," என்றேன்.

"அம்மாவ சாமிகிட்ட பொய்க்காரி ஆக்கிட்டுப் போகக் கூடாதுடீ. வையி பொட்டு."

முதல் பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மரத்து யூனிவர்சிடி. உள்ளே நுழைகிற வழியே தெரியவில்லை, அவ்வளவு மரம். எங்கிருந்து வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எங்கிருந்தும் வெளியே வரலாம். ஸ்கூட்டர், சைக்கிள், மாடு எல்லாம் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கெமிஸ்ட்ரி கட்டிடம் தனியாக இருந்தது. ஜன்னல் பக்கம் போனதும் அக்கா நின்றுவிட்டாள். அழுகிய முட்டை மாதிரி ஒரு வாசனை. நான் மூக்கைப் பொத்தினேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். உள்ளே நீளநீளமான மேசைகள், வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. அதைப் பார்த்ததே எனக்கு அதிசயமாக இருந்தது.

படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அக்கா தெலுங்கில் பேச்சுக் கொடுத்தாள். சார்கள் எப்படி, லேப் எத்தனை மணிவரை திறந்திருக்கும், கெமிக்கல் எல்லாருக்கும் கிடைக்குமா. அந்தப் பெண் எல்லாம் சொல்லிவிட்டு, "அரவமா நூவு?" என்று சிரித்தாள். தமிழா நீ என்று கேட்கிறாள், கொஞ்சம் கேலிதான்.

"ஆமா, அரவம். நான் சொன்னது புரிஞ்சிச்சா இல்லையா?" என்று அக்கா தமிழிலேயே திருப்பிக் கேட்டாள். அந்தப் பெண் இன்னும் சிரித்து, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். அக்கா அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. "இதான்டி," என்றாள் என்னிடம். "இங்கதான் நான் படிக்கப் போறன்."

அப்போதுதான் எனக்கு மாம்பழ வாசனை வந்தது.

நாங்கள் வந்த பஸ்ஸின் கண்டக்டர் மாமனுக்குத் தோஸ்து. நாங்கள் இரண்டு பேரும் யூனிவர்சிடிக்கு வழி கேட்டோம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறான். மாமன் பைக்கை அந்தக் கட்டிடத்தின் படிவரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தான். எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை.

"படிக்கு மஞ்சள் வெச்சியா? எந்தப் படிக்கு வெச்ச? இந்தப் படிக்கா? எவன் ஏறுற படி இது?"

உள்ளங்கையை விரித்து அக்காவின் காதோடு சேர்த்து அறைந்தான். பட்டாசு வெடித்த மாதிரி இருந்தது. அவள் விழுந்தாள். எழுந்திருக்கும்போது திரும்பவும் அதே காது. கம்மல் எங்கேயோ தெறித்துவிட்டது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. நான் மாமனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கடித்தேன். அவன் முழங்கை என் வாயில் இடித்தது. அப்போது போனதுதான் என் பல். ரத்தம் உப்பாக இருந்ததும் நாக்கு ஒரு புது ஓட்டையைத் தேடியதும் ஞாபகம் இருக்கிறது.

பையன்கள் ஓடி வந்தார்கள். "எவரு மீரு?" என்று ஒருவன் கேட்டான்.

"மாமன்டா. கட்டிக்கப் போறவன்டா. போடா," என்றான் மாமன்.

அவ்வளவுதான். வீட்டுச் சண்டை என்று தெரிந்ததும் எல்லாருடைய முகமும் மாறிவிட்டது. வழி விட்டார்கள். இடம் கொடுத்த அந்தப் பெண் மட்டும் கையில் இருந்த தடிப் புத்தகத்தை மாமனின் முகத்தில் வீசினாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்ட அந்த நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். மரங்களுக்கு நடுவில் ஓடினோம். எங்கிருந்தும் வெளியே வரலாம் என்றேனே, அது மட்டும் உதவியது. ரோட்டில் டவுன் பஸ் ஒன்று மெதுவாக வளைந்தது, தொற்றிக்கொண்டோம். பின்னால் பைக் சத்தம் கேட்டது.

இரண்டாவது பல்கலைக்கழகம் பெண்கள் மட்டும் படிக்கிற இடம். அக்கா அங்கே போக நினைக்கவே இல்லை, சும்மா பார்க்கலாம் என்று வைத்திருந்தாள். பஸ் அந்த வாசலில் நின்றதால் குதித்தோம். அங்கே பெரிய இரும்பு கேட். அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள், காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, மடியில் தடி, வாயில் வெற்றிலை. எங்கள் ரத்தத்தைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. சின்னக் கதவைத் திறந்து எங்களை உள்ளே தள்ளி, திரும்ப மூடினாள்.

மாமன் பைக்கைக் கேட்டில் கொண்டுவந்து முட்டினான்.

"எவரு நூவு?" என்றாள் அந்த அம்மா.

"மேனமாமா." தாய்மாமன் என்றான் தெலுங்கில், மரத்து யூனிவர்சிடியில் அந்த வார்த்தைக்கு எல்லாரும் வழிவிட்ட தைரியத்தில்.

"மேனமாமா அயித்தே இன்டிலோ. இக்கட காது." தாய்மாமனெல்லாம் உன் வீட்டில், இங்கே இல்லை என்று வெற்றிலையைத் துப்பினாள்.

மாமன் கம்பிகளைப் பிடித்து உலுக்கினான். அவள் நிதானமாக எழுந்து, மீன் கொத்துகிற மாதிரி, தடியால் அவன் விரல்களின் மேலேயே போட்டாள். அவன் கத்தினான். கையை எடுத்துவிட்டு மறுபடியும் பிடித்தான். மறுபடியும் போட்டாள். உள்ளேயிருந்து பெண்கள் வந்து கூட்டமாக நின்று பார்த்தார்கள், ஒருத்தி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். மாமன் எங்களைப் பார்த்து, "வூட்டுக்கு வருவல்ல? அங்க வா," என்று சொல்லிவிட்டு விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொண்டே போனான்.

அக்கா அந்த யூனிவர்சிடியின் லேபைப் பார்க்கவில்லை. அந்த அம்மா கொடுத்த தண்ணீரில் காதைக் கழுவிக்கொண்டு, தலையைத் தூக்கிக் கேட்டின் உச்சியைப் பார்த்தாள். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்ததைப் பார்த்தாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கேட் எப்போது மூடுவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை யாரை உள்ளே விடுவீர்கள்? அப்பாவின் கடிதத்தோடு ஒருவன் வந்தால்? நான் இவள் புருஷன் என்று சொல்லி வந்தால்?

"மொகுடைனா சரே," என்றாள் அந்த அம்மா. புருஷனே ஆனாலும் சரிதான், பெண் வந்து ஆமாம் என்று சொன்னால்தான் கேட் திறக்கும்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "இதுதான்டி," என்றாள். சற்று முன்பு சொன்ன அதே வார்த்தைதான், ஆனால் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. பிற்காலத்தில் அவளுடைய காலேஜ் மேடம்கூடக் கேட்டார், அவ்வளவு பெரிய லேபை விட்டுவிட்டு ஏம்மா இதை எடுத்தாய் என்று. அக்கா சிரித்துச் சமாளித்துவிட்டாள். எது நல்ல யூனிவர்சிடி என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. எதில் உயிரோடு உட்கார்ந்து படிக்க முடியும் என்றும் அவள் பார்க்க வேண்டியிருந்தது.

நாங்கள் வீடு வருவதற்குள் மாமன் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தான். எவனோ ஒருத்தனைப் பார்க்க ஓடிப்போய் ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்தாளாம். சின்னதும் கூடவே விழுந்ததாம். விரல் வீங்கியிருந்ததற்குக்கூட லாரிக் கதவு நசுக்கியதாகக் கதை வைத்திருந்தான்.

நைனா எருமை கட்டுகிற கயிற்றை எடுத்தார். அக்கா ஓடவில்லை. "மாமா அடிச்சிது நைனா. என் காது கேக்கல. இந்தப் பக்கம் நின்னு பேசு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் குறுக்கே போனேன், எனக்கும் விழுந்தது. அம்மா நைனாவின் காலைக் கட்டிக்கொண்டாள், அவளுக்கும் விழுந்தது. நைனாவின் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. அவரால் நம்ப முடியவில்லை. தான் தூக்கி வளர்த்த பையன் தன்னிடம் பொய் சொல்வான் என்பதை நம்புவதைவிட, பெண்ணை அடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"இவ்ளோ பேசுறாளே, காணிப்பாக்கத்துல பிரமாணம் பண்ணுவாளா கேளு மாமா," என்றான் மாமன்.

கயிறு நின்றது.

எங்கள் சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் யாரும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு போய் நின்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் குலமே விளங்காது என்று நம்பிக்கை. திருட்டு, நிலத் தகராறு, புருஷன் பெண்டாட்டி சந்தேகம் எல்லாம் அங்கே போய்த்தான் தீரும். கோர்ட்டில் கூசாமல் பொய் சொன்னவன்கூட அந்தத் தண்ணீரில் காலை வைக்க யோசிப்பான்.

"பண்றன்," என்றாள் அக்கா. "இப்பவே போலாம்."

மறுநாள் காலையில் மாமனின் லாரியிலேயே போனோம். முன்னால் மாமனும் நைனாவும், பின்னால் மாங்காய்க் கூடைகளுக்கு நடுவில் நாங்கள் மூன்று பேர். அம்மா மடியில் உடைப்பதற்கு ஒரு தேங்காய். அக்காவின் காதிலிருந்து தண்ணீராக வடிந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் லாரி குதிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாள். நான் பயத்தில் பிள்ளையாரிடம் என்னென்னவோ பேரம் பேசிக்கொண்டு வந்தேன். அக்கா அழவில்லை. நியாயம் கேட்கப் போகிறவள் மாதிரி இல்லை, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

குளத்தில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டாள். நிமிர்ந்தபோது வலியில் உதடு வெளுத்திருந்தது. சொட்டச் சொட்ட உள்ளே போய்ச் சந்நிதி முன்னால் நின்று, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்:

"எனுக்கு எவனும் இல்ல. நான் படிக்கத்தான் போறன். இது பொய்னா இன்னொரு காதும் போவட்டும்."

நைனா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். வெளியே வந்து குளத்துப் படிக்கு வந்ததும், அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"இப்ப மாமாவ முழுவச் சொல்லு நைனா. என்ன அடிக்கலன்னு அதே எடத்துல நின்னு சொல்லட்டும்."

மாமன் சிரித்தான். பிரமாணம் கேட்டவனையும் திருப்பிக் கேட்கலாம் என்பது அங்கே எல்லாரும் அறிந்த முறைதான். அவள் பயந்து பின்வாங்கிவிடுவாள் என்ற நிச்சயத்தில் அவன் அதை யோசிக்கவே இல்லை.

"எனுக்கு ஜலதோஷமா கீது மாமா. லோடு வேற நிக்கிது. மாங்கா அழுவிப்பூடும்."

"எறங்குடா," என்றார் நைனா. மெதுவாகத்தான் சொன்னார். சின்ன வயதில் அவனைக் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது சொல்லியிருப்பாரே, அந்த மாதிரி.

மாமன் செருப்பைக் கழற்றினான். ஒரு படி இறங்கினான். தண்ணீரில் கால் விரல் பட்டது. எடுத்துக்கொண்டான். மறுபடியும் வைத்தான். எடுத்துக்கொண்டான். பூ விற்கிறவர்கள், மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தர், "திகு நாயனா, திகு," என்றார். இறங்குப்பா என்று.

"அடிச்சன்!" என்று கத்தினான் மாமன். "ஆமா, அடிச்சன்! எனுக்குன்னு வெச்ச பொண்ணு, நான் அடிப்பன், எவன் கேக்கறது?" அக்காவின் ஈரத்தலையைக் கொத்தாகப் பிடித்தான். படியில் சறுக்கி இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். அவன் விடவில்லை. அவள் தலை உள்ளே போனது, கை மட்டும் வெளியே அலைந்தது. நைனா குதித்து அவன் கழுத்தைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். மாமன் திரும்பி நைனாவின் வாயிலேயே குத்தினான். மறுபடியும் குத்தினான். நைனாவின் உதடு கிழிந்து தொங்கியது. பேசாமல் அடிக்கிற நைனா அன்றைக்குப் பேசாமல் அடி வாங்கினார், கையை மட்டும் விடவில்லை.

அம்மா தண்ணீரில் இறங்கினாள். மடியில் இருந்த தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துத் தன் தம்பியின் நெற்றியில் போட்டாள். தேங்காய் உடையவில்லை. மாமன் உட்கார்ந்துவிட்டான். குளத்தில் சிவப்பு பரவியது. அம்மா தேங்காயை விட்டுவிட்டு, 'ஐயோ தம்பி, ஐயோ தம்பி' என்று புடவைத் தலைப்பைக் கிழித்து அவன் நெற்றியைக் கட்டினாள். கட்டிக்கொண்டே அவன் கன்னத்தில் அறைந்துகொண்டும் இருந்தாள்.

நைனா அக்காவைக் கைப்பிடித்துப் படியேற்றி உட்கார வைத்தார். அவள் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினாள். நைனா அவளுடைய வலது பக்கம் போய்க் குத்தவைத்தார். கேட்கிற காது பக்கம்.

"எந்த யூனிவர்சிடி?" என்றார். அந்தக் கோடையில் அவர் அதை முதன்முதலாகக் கேட்டார்.

"பொம்பளைங்க படிக்கிறது, நைனா. கேட்டு போட்டது."

நைனா வாயைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மாமனையே பார்த்தார்.

"எவ்ளோ ஒசரம் இருக்கும், கேட்டு?"

அக்கா நனைந்த கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். போதவில்லை என்று எழுந்து நின்று, எம்பிக் காட்டினாள்.

"சரி," என்றார் நைனா.

லாரியில் ஏறவில்லை, பஸ்ஸில் வந்தோம். ஆடி பிறப்பதற்கு முன்னால் நைனாவே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவை அந்தக் கேட்டுக்குள் விட்டுவிட்டு வந்தார். அவள் அங்கே படித்து, அங்கேயே வேலையும் பார்த்தாள். கல்யாணம் அவள் இஷ்டப்படி, ரொம்பத் தாமதமாக நடந்தது. இன்றைக்கும் போனை வலது காதில்தான் வைத்துக்கொள்வாள். நல்லபடியாக இருக்கிறாள்.

அக்கா போன வாரத்தில் எங்கள் ஸ்கூல் திறந்தது. நான் ஏழாவது. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை போட்டு, இரட்டைச் சடை பின்னி, பையை மாட்டிக்கொண்டு நின்றேன். கடலை விதைக்கிற நேரம், ஆனாலும் நைனா நிலத்துக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கட்டோடு மாமன் ஸ்கூல் திருப்பத்தில் பைக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒன்றும் பேசவில்லையாம், சும்மா நிற்கிறானாம்.

"நான் போய்க்கினு வர்ரன் நைனா," என்றேன்.

நைனா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஒன் ஸ்கூலு கேட்டு எவ்ளோ ஒசரம்?"

எங்கள் ஸ்கூல் ஊருக்கு வெளியே முள்வேலிக்கு நடுவில் இருந்தது. கேட் என்று ஒன்று இருந்தது, இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ரொம்ப உயரம் நைனா, பூட்டு போடுவாங்க என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் காணிப்பாக்கத்துத் தண்ணீரை நான் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பொய் சொல்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று என் கண்ணாலேயே பார்த்தவள். என் உள்ளங்கையைக் கழுத்துக்கு நேராக வைத்துக் காட்டினேன்.

"இவ்ளோதான் நைனா. ஆடு தாண்டும்."

நைனா எழுந்து வந்தார். என் தோளிலிருந்து பையைக் கழற்றி, மெதுவாக, கயிறு சிக்காமல், ஆணியில் மாட்டினார். கதவைச் சாத்தித் தாழ்போட்டார். அம்மா விதைக் கடலை மூட்டையை அவிழ்த்து என் முன்னால் கொட்டினாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.